"நீதானே பார்த்துக்கிட்ட?" தற்கொலையில் ஒருவரை இழந்த பராமரிப்பாளர்கள் மலையகத்தில் கேட்கும் கேள்விகள்

என் தம்பிக்கு ஏழு வருடம் மருந்து எடுத்துக் கொடுத்தவள் நான். இருமுனை மனநிலைக் கோளாறு என்று டொக்டர் கொப்பியில் எழுதியிருந்தார். இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்ட வரிசை வீடுகளான லயத்தில் அதற்கு வேறு பெயர்கள் இருந்தன. மாதம் ஒரு தடவை விடியற்காலை முதல் பஸ், கிளினிக்கில் நம்பர் எடுத்துக் காத்திருப்பது, அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், இல்லாமல் போவது, இரவில் அவன் தூங்கிய பிறகு நான் தூங்குவது என்று அந்த ஏழு வருடமும் போனது. பிறகு ஒரு நாள் அவன் உயிரை மாய்த்துக்கொண்டான். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். "நீதானே பார்த்துக்கிட்ட?"

அதே கேள்வியைச் சுமந்துகொண்டிருக்கும் வேறு பலரோடு பேச எனக்கு அதற்குப் பிறகு வாய்த்தது. ஹட்டன் பக்கத்தில் சிலர், பதுளைப் பக்கத்தில் சிலர். போயா லீவு நாட்களில் ஐந்தாறு பேர் கூடி உட்காருவோம், சாயத்தண்ணி குடித்துக்கொண்டே பேசுவோம். அங்கே திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. வைத்தியம், சட்டம் பற்றிய விஷயங்களைத் தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் தெளிவாக்கிக்கொண்டேன். யார் எப்படி இறந்தார் என்ற விவரம் எதுவும் இந்தப் பக்கத்தில் இருக்காது.

உங்களுக்கு இந்த நிமிடமே உயிரை விட்டுவிடலாம் போல் இருந்தால் மீதியை அப்புறம் படியுங்கள். முதலில் பக்கத்தில் இருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லுங்கள். 1926 தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண், இரவும் பகலும் பேசலாம். 1333 இலவச உளவளத்துணை எண். உயிருக்கு ஆபத்து என்றால் 1990 அம்புலன்ஸ், அதற்கும் காசு இல்லை.

நான் அவருடைய மனைவி. என்னை ஏன் பராமரிப்பாளர் என்கிறீர்கள்?

நம் பேச்சில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. "வீட்டில் வைத்துப் பார்க்கிறேன்" என்போம், அவ்வளவுதான். ஆனால் மருந்தை எண்ணி வைத்தவர், கிளினிக் தேதியை நினைவில் வைத்திருந்தவர், குடித்துவிட்டு வந்தவரைக் குளிக்கவைத்துப் படுக்கவைத்தவர், வேலைக்குப் போனாலும் பாதி மனதை லயத்திலேயே விட்டுவிட்டுக் கொழுந்து பறித்தவர், இவர்கள் எல்லோரும் பராமரிப்பாளர்கள்தான். தாய், மனைவி, அக்கா, மருமகள், சில வீடுகளில் பதினான்கு வயது மகள். ஆண்களும் இருக்கிறார்கள். ஆனால் நான் சந்தித்தவர்களில் பெண்களே அதிகம்.

இந்தச் சொல்லை நான் பிடிவாதமாகப் பயன்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவர் இறந்தால் வீட்டில் எல்லோருக்கும் துக்கம். பார்த்துக்கொண்டவருக்கோ அந்தத் துக்கத்தோடு அன்றாட வேலையும் போய்விடுகிறது. காலை மருந்து இல்லை, இரவுக் காவல் இல்லை, அடுத்த கிளினிக் தேதி இல்லை. வருடக்கணக்கில் ஒருவரைச் சுற்றியே அமைத்த வாழ்க்கை ஒரே நாளில் காலியாகிறது. கிளினிக்கில் பெயர் சொல்லி விசாரித்த நர்ஸ் மிஸ்ஸைக்கூட அதற்குப் பிறகு பார்க்கக் கிடைப்பதில்லை. அங்கே இருந்த கொப்பி நோயாளியின் பெயரில்தான் இருந்தது. நம் பெயரில் எதுவும் இல்லை.

எந்நேரமும் கூடவே இருந்தேன். எப்படித் தவறவிட்டேன்?

இந்தக் கேள்வி கேட்காத ஒருவரையும் நான் பார்த்ததில்லை. இதற்கு நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

முடிவு தெரிந்த பிறகு பின்னோக்கிப் பார்த்தால் எல்லாமே அடையாளமாகத் தெரியும். முந்திய நாள் அவன் சிரித்தான், "அக்கா, சாப்பிட்டியா" என்று கேட்டான், சட்டையை மடித்து வைத்தான். இப்போது அது ஒவ்வொன்றும் என்னைக் குத்துகிறது. ஆனால் அதற்கு முந்திய நூறு நாட்களிலும் அவன் சிரித்திருக்கிறான், சட்டையை மடித்திருக்கிறான். அந்த நாட்களில் எதுவும் நடக்கவில்லை. நடந்த நாளுக்கு முந்திய நாளை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு "தெரிந்திருக்க வேண்டும்" என்று நம்மை நாமே கட்டிவைத்து அடிக்கிறோம்.

பல வருடம் படித்த மனநல வைத்தியர்களாலும் எந்த நோயாளி எந்த நாளில் அந்த முடிவுக்குப் போவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. பொதுவாக ஆபத்து கூடுகிறது என்று சொல்லலாம். நாளும் நேரமும் யாருக்கும் தெரியாது. மன நோயிலும் சில நோயாளிகள் எவ்வளவு பார்த்தாலும் இறந்துபோகிறார்கள், இதய நோயில் நடப்பதுபோல. இதய நோயாளியின் மனைவியிடம் போய் "நீதானே பார்த்துக்கிட்ட" என்று யாரும் கேட்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1995ஆம் ஆண்டளவில் இலங்கையின் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக இருந்தது. ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 47 பேர். அதற்குப் பிந்திய இருபது ஆண்டுகளில் அது ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. இதற்கு முக்கியமான காரணமாக ஆய்வாளர்கள் காட்டுவது, கொடிய நஞ்சுள்ள பூச்சிகொல்லிகளை அரசாங்கம் படிப்படியாகத் தடைசெய்ததை. 1984இல் தொடங்கி, 1995இலும் 1998இலும், பிறகு 2008க்கும் 2011க்கும் இடையிலும் அந்தத் தடைகள் வந்தன. யோசித்துப் பாருங்கள். அந்த இருபது ஆண்டுகளில் இலங்கையின் தாய்மாரும் மனைவிமாரும் திடீரென்று கூடுதல் கவனமாகப் பார்த்துக்கொள்ளத் தொடங்கிவிடவில்லை. அவர்கள் முன்பும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். சட்டம் மாறியது, கடையில் விற்பது மாறியது, அதனால் ஆயிரக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள். ஒரு நாடே சேர்ந்து தாங்க வேண்டிய பாரத்தை ஒரு காம்பராவுக்குள், லயத்தின் ஒற்றை அறைக்குள், இருக்கும் ஒரு பெண்ணின் தலையில் வைப்பது அநியாயம். இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

"அப்போ வீட்டில் அதை நான் பூட்டி வைத்திருந்தால்?" என்று உடனே இன்னொரு குற்றம் முளைக்கும். எனக்கும் முளைத்தது. பூட்டி வைப்பது நல்லது, இனி எல்லா வீட்டிலும் செய்ய வேண்டியது. ஆனால் அன்று உங்களுக்குத் தெரிந்ததை வைத்துத்தான் அன்று நடந்துகொண்டீர்கள். இன்று தெரிவதை வைத்து அன்றைய உங்களுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

வெளியே சொல்ல முடியாது, ஆனால் கொஞ்சம் நிம்மதியாகவும் இருக்கிறது. நான் பாவியா?

இல்லை.

இதை என்னிடம் ஒரு தாய் கேட்டபோது கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டார். பத்து வருடத்தில் முதல் தடவையாக இரவு முழுக்கத் தூங்கினாராம். விடிந்ததும் அதை நினைத்து நினைத்து அழுதாராம். வருடக்கணக்கில் காவல் இருந்த உடம்பு காவல் முடிந்ததும் தளர்ந்துபோகிறது. உடம்பு செய்யும் வேலை அது, உங்கள் அன்பை அளக்கும் படி இல்லை. நோயின் தொல்லை போனதில் நிம்மதியும், மகன் போனதில் தாங்க முடியாத வலியும் ஒரே நெஞ்சில் ஒன்றாக இருக்கும். புற்றுநோயில் கிடந்தவரைப் பார்த்துக்கொண்டவர்கள் "கஷ்டப்படாமப் போய்ச் சேர்ந்தாரு" என்று எல்லோர் முன்னாலும் சொல்கிறார்கள். நமக்கு மட்டும் அதைச் சொல்ல இடமில்லை.

அவர் மேல் கோபம் கோபமாக வருகிறது.

வரட்டும். பிள்ளைகளையும் கடனையும் உங்கள் தலையில் விட்டுவிட்டுப் போனவர் மேல் கோபம் வராமல் எப்படி இருக்கும்? கோபம் அன்புக்கு எதிரி இல்லை. ஒரு பழைய கொப்பியில் அவருக்குக் கடிதம் எழுதித் திட்டுங்கள். எழுத வராது என்றால் கொழுந்து மலையில் தனியாக நிற்கும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்தக் கோபம் பிள்ளைகள் மேல் இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆறு மாதம் ஆகிவிட்டது. இன்னும் இரவு இரண்டு மணிக்கு எழுந்து அவர் படுத்திருந்த இடத்தைப் பார்க்கிறேன். கதவுச் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கிறது. எனக்கும் பைத்தியமா?

பைத்தியம் இல்லை. இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது.

ஒன்று பழக்கம். வருடக்கணக்காக இரண்டு மணிக்கு எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்த்த உடம்பு மரணச் சான்றிதழைப் படித்துவிட்டு நிறுத்திக்கொள்ளாது. அது மெல்ல மெல்லத்தான் அடங்கும். எழுந்துவிட்டால் படுக்கையில் புரளாமல், எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்து, கால் தரையில் படுவதைக் கவனித்து, மூச்சை மெதுவாக விட்டு, அப்புறம் படுங்கள். பகலில் தேத்தண்ணியைக் கொஞ்சம் குறையுங்கள். தேயிலை நாட்டில் இதைச் சொல்வது கஷ்டம்தான், ஆனாலும் மாலை நான்கு மணிக்குப் பிறகு வேண்டாம்.

இரண்டாவது அதிர்ச்சி. நம்மில் பலர்தான் முதலில் கண்டவர்கள். கண்ட காட்சி கேட்காமலே திரும்பத் திரும்ப வரும், கனவில் வரும், அந்த இடத்தைக் கடக்க முடியாமல் செய்யும். ஒரே காம்பராவில் சமைத்து, ஒரே காம்பராவில் தூங்கும் வீட்டில் அந்த இடத்தைத் தவிர்க்கவும் வழியில்லை. முடிந்தால் சில வாரம் உறவினர் வீட்டில் இருங்கள். முடியாவிட்டால் கட்டிலையும் அலமாரியையும் இடம் மாற்றுங்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். எங்கள் வீட்டில் மாமா வந்து அதைத்தான் செய்தார், ஒரு வார்த்தையும் பேசாமல். இத்தனை வருடத்தில் எனக்கு யாரும் செய்த மிகப் பெரிய உதவி அது.

ஒரு மாதத்துக்கு மேலும் இந்தக் காட்சிகள் விடாமல் வந்தால் அதற்கு வைத்தியம் உண்டு. பேச்சு வழியாகச் செய்யும் சிகிச்சையும் உண்டு, தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. சகித்துக்கொண்டே கிடக்க வேண்டியதில்லை.

எதுவரை துக்கம், எங்கிருந்து நோய்?

கோடு போட்டுச் சொல்ல முடியாது. துக்கத்துக்குக் கருமாதி, முப்பத்தொன்று, வருடத் திவசம் என்று நாம் கணக்கு வைத்திருக்கிறோம். மனம் அந்தக் கணக்கில் போவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கக் கோளாறு என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறது. ஆறு மாதத்துக்கும் மேலாக, அந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் மீறி, இறந்தவரைப் பற்றிய ஏக்கமே நாள் முழுக்க ஆளைப் பிடித்துக்கொண்டு, வேலையும் உறவும் நின்றுபோனால் அதைக் கவனிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

மனச்சோர்வு நோய் வேறு. இரண்டு வாரத்துக்கு மேலாக நாள் முழுக்க வெறுமை, சாப்பாடு இறங்காதது, விடியற்காலையில் விழித்துக்கொள்வது, எதிலும் பிடிப்பில்லாதது, நான் எதற்கும் உதவாதவள் என்ற நினைப்பு. நம் பெண்கள் இதை மனக் கவலை என்று சொல்வதே குறைவு. தலைக்குள் கிண்ணென்று இருக்கிறது, நெஞ்சு எரிகிறது, கை கால் ஓய்ந்து வருகிறது என்று டிஸ்பென்சரிக்குப் போய் மாத்திரை வாங்கிக்கொண்டு வருகிறோம். அடுத்த தடவை போகும்போது இன்ன மரணம் நடந்தது, அதற்குப் பிறகுதான் இப்படி என்று அந்த ஒரு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். வைத்தியமே மாறிவிடும்.

குடிக்கத் தொடங்குவதும் ஓர் அடையாளம், குறிப்பாகத் தகப்பன்மாரிடம். "மகன் போன துக்கம், குடிக்கிறார்" என்று விட்டுவிடுகிறோம். விடக் கூடாது.

எனக்கும் போய்விடலாம் போல் இருக்கிறது. இது ரத்தத்தில் வருவதா?

இந்த நினைப்பு வருவதை யாரிடமாவது சொல்லுங்கள், இன்றைக்கே சொல்லுங்கள். "அவனோடு சேர்ந்து போயிடலாம்" என்ற நினைப்பு இந்த மரணத்துக்குப் பிறகு பலருக்கு வருகிறது. எனக்கும் வந்தது. வந்த நினைப்பு பெரும்பாலும் அலைபோல எழுந்து தணியும். அது எழும் நேரத்தில் தனியாக இல்லாமல் இருப்பதுதான் முக்கியம்.

பிரித்தானியாவில் 18 முதல் 40 வயது வரையான 3432 பேரிடம் செய்த ஆய்வு 2016இல் வெளியானது. திடீர் இயற்கை மரணத்தில் ஒருவரை இழந்தவர்களைவிட, தற்கொலையில் ஒருவரை இழந்தவர்கள் தாமும் உயிரை மாய்க்க முயல்வது 65 சதவீதம் அதிகம் என்று அது காட்டியது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. இறந்தவர் ரத்த உறவாக இருந்தாலும் நண்பராக இருந்தாலும் ஆபத்து ஒன்றுபோலவே கூடியிருந்தது. அப்படியானால் அதைக் கூட்டுவது ரத்தம் மட்டும் இல்லை. இழப்பின் பாரமும் அதைச் சுற்றி வரும் ஒதுக்கலும் பழியும் ஆளை அழுத்துகின்றன. அவை நாம் குறைக்கக் கூடியவை. "அந்தக் குடும்பத்து ரத்தமே அப்படி" என்று பேசி, அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பெண் கொடுக்க மறுப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உதவிக்கு எங்கே போவது? தோட்டத்தில் யாருக்கும் தெரியாமல் போக முடியுமா?

முடியும். உங்களுக்கு எது கிட்ட என்பதைப் பொறுத்து நான் சொல்வது இதுதான்.

நுவரெலியா, பதுளை, கண்டி, பேராதனைப் பெரியாஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சிறிய ஆஸ்பத்திரிகளில் மனநல வைத்திய அதிகாரி குறிப்பிட்ட நாட்களில் கிளினிக் நடத்துவார். எந்த நாள் என்று ஓபிடியில் கேட்டுக்கொள்ளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லை. பிரதேச செயலகங்களில் உளவளத்துணைக்கென்று உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அஸ்வெசும உதவிப் பணம், பிறப்புப் பத்திரம் என்று எதற்கும் அங்கே போகிறவர்கள்தானே நாம், அதனால் எதற்காகப் போகிறீர்கள் என்று வெளியே தெரியவும் வராது. சுமித்ரயோ என்ற அமைப்பு 1974இலிருந்து இலங்கையில் இருக்கிறது, கண்டியிலும் கிளை உண்டு. அங்கே இருப்பவர்கள் தொண்டர்கள். புத்திமதி சொல்லாமல் கேட்பார்கள், பேசியதை வெளியே விட மாட்டார்கள்.

மொழி பெரிய தடைதான், மறைக்க வேண்டியதில்லை. துக்கத்தை இரண்டாம் மொழியில் சொல்ல முடியாது. ஒரு கிளினிக்கில் நான் சொன்னதைச் சிங்களத்தில் மாற்றிச் சொல்ல வரிசையில் நின்ற யாரோ ஒருவரைக் கூப்பிட்டார்கள். என் தம்பியின் கதையை முன்பின் தெரியாதவர் மூன்று வார்த்தையில் முடித்துவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து இனிப் போவதே இல்லை என்று இருந்தேன். பிறகு ஒரு அக்கா கற்றுத்தந்தாள். போகும் முன் போன் செய்து தமிழ் பேசும் உத்தியோகத்தர் எந்த நாளில் இருப்பார் என்று கேட்பது, நடந்ததை அரைப் பக்கத்தில் எழுதி எடுத்துப்போவது, நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிப்போவது. வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். உதவி எண்களிலும் எடுத்தவுடன் தமிழில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். அந்த நேரம் ஆள் இல்லையென்றால் எப்போது இருப்பார் என்று கேட்டு வையுங்கள்.

"அங்கொடைக்கு அனுப்பிவிடுவார்களா?" என்று இன்னமும் கேட்கிறார்கள். அங்கொடையில் இருப்பது தேசிய மனநல நிறுவனம், ஓர் ஆஸ்பத்திரி. அந்த ஊரின் பெயரை நாம் வசைச்சொல்லாக்கி வைத்ததால் எத்தனை பேர் வைத்தியத்துக்கே போகாமல் இருந்திருப்பார்கள். துக்கத்துக்கு உதவி கேட்டுப் போகிறவரை யாரும் பிடித்து அடைத்துவைப்பதில்லை.

போலீஸ் வந்தது, விசாரணை நடந்தது. எங்களைச் சந்தேகப்படுகிறார்களா?

உயிரை மாய்க்க முயல்வது இலங்கையில் 1998இலிருந்து குற்றம் இல்லை. முன்பு அது தண்டனைச் சட்டக் கோவையில் குற்றமாக இருந்தது, அந்தப் பிரிவை நீக்கிவிட்டார்கள். மரணத்துக்குப் பிறகு நடக்கும் விசாரணை வேறு விஷயம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி தற்கொலை, விபத்து என்று எந்தத் திடீர் மரணத்துக்கும் விசாரணை வேண்டும். அதனால்தான் திடீர் மரண விசாரணை அதிகாரி வருகிறார், பிரேத பரிசோதனை நடக்கிறது, உங்களிடம் வாக்குமூலம் எடுக்கிறார்கள். பார்த்துக்கொண்டவரிடம்தான் அதிகம் கேட்பார்கள். கடைசியாக எப்போது பார்த்தீர்கள், சண்டை நடந்ததா, மருந்து ஒழுங்காகக் குடித்தாரா என்று. உடைந்துபோன நேரத்தில் அது குற்றவாளிக் கூண்டு மாதிரித்தான் இருக்கும். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. வேறு மொழியில் எழுதினால் கையெழுத்துப் போடும் முன் தமிழில் வாசித்துச் சொல்லக் கேளுங்கள்.

ஊழியர் சேமலாப நிதிப் பணம் மரணம் எப்படி நடந்தது என்பதைப் பொறுத்து நிற்காது. பெயர் குறித்தவருக்கோ வாரிசுக்கோ வர வேண்டியது அது. ஆயுள் காப்புறுதியில் மட்டும், எடுத்த புதிதில் இப்படி இறந்தால் பணம் இல்லை என்ற நிபந்தனை பல ஒப்பந்தங்களில் இருக்கும். பத்திரத்தை வாசிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துப் பாருங்கள்.

லயத்தில் என்ன சொல்வது? காது கொடுத்தே கேட்கிறார்கள்.

ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர். அதுவும் சில லயங்களில் கூரைவரை போவதில்லை. நாம் அழுதால் பக்கத்தில் கேட்கும், அவர்கள் பேசினால் நமக்குக் கேட்கும். இந்த நெருக்கம்தான் செத்த வீட்டில் சோறாக்கிப் போடுகிறது, மூன்றாம் நாள் கதையும் கட்டுகிறது.

நீங்கள் எல்லோருக்கும் எல்லாம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். "அவனுக்கு மனசில நோய் இருந்திச்சு, அதுலதான் போயிட்டான். அதுக்கு மேல பேச எனக்கு முடியல." அதையே யார் கேட்டாலும் சொல்லுங்கள். இரண்டு கிழமையில் கேட்பது குறையும். பொய் சொல்லி மறைப்பது உங்கள் விருப்பம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொருவருக்கும் சொன்ன பொய்யை நினைவில் வைத்துக்கொண்டு நடமாடுவது இன்னொரு சுமை.

ஒப்பாரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் பெண்களுக்குத் துக்கத்தைக் கொட்ட இருந்த பெரிய வழி அது. தப்பு மேளச் சத்தத்தோடு, மாரடித்து, பெயர் சொல்லி, உறவு சொல்லி, போனவரிடமே நியாயம் கேட்டு அழுவோம். இந்த மாதிரி மரணத்தில் அதைச் சுருக்கிவிடுகிறார்கள். துர்மரணம், சீக்கிரம் எடுங்கள் என்கிறார்கள். அழ வேண்டியவள் அழாமலே திரும்பி வருகிறாள். முடியாமல் போனதைப் பிறகு செய்யலாம். நாங்கள் ஒரு போயா நாளில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு அம்மாவை அழவிட்டோம், ஒரு வருடம் கழித்து. மகனைப் பெற்ற நாளிலிருந்து தொடங்கிப் பாடி அழுதார். இடையில் யாரும் "போதும்" என்று சொல்லவில்லை.

ஆவி அலையும், பரிகாரம் செய் என்கிறார்கள்.

பூசை செய்தால் மனம் ஆறும் என்றால் செய்யுங்கள். கோயிலோ, தேவாலயமோ, பள்ளிவாசலோ, உங்கள் வழி உங்களுக்கு. ஆனால் "நீ ஒழுங்காகப் பார்க்காததால்தான் அலைகிறான்" என்று சொல்லிக் காசு கேட்பவர் வீட்டுக்குள் வர வேண்டாம். அந்த ஒரு வார்த்தை செய்யும் கேட்டை எந்தப் பரிகாரமும் சரிசெய்யாது.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

உண்மையை, அவர்கள் வயதுக்கு ஏற்ற அளவில். "அப்பா வெளிநாடு போயிருக்கார்" என்று சொன்னால் அது ஸ்கூல் இடைவேளை வரைதான் நிற்கும். வேறு பிள்ளை வாயால் கேட்பதைவிட உங்கள் மடியில் இருந்து கேட்பது நல்லது. சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு போதும்: "அப்பாவுக்கு மனசில பெரிய வருத்தம் இருந்தது. அந்த வருத்தத்தால் செத்துப்போயிட்டார். நீ செய்த எதுனாலயும் இல்ல." கடைசி வாக்கியத்தைப் பலமுறை சொல்லுங்கள். முந்திய நாள் அப்பாவிடம் அடி வாங்கியதோ, சொல் கேட்காததோதான் காரணம் என்று பிள்ளைகள் வெளியே சொல்லாமல் நினைத்துக்கொண்டிருப்பார்கள். வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சொல்லையே பயன்படுத்திப் பேசலாம். பேசுவதால் எண்ணம் விதைக்கப்படாது. உள்ளே இருப்பது வெளியே வரத்தான் வழி கிடைக்கும்.

வகுப்பு ஆசிரியரிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். மூத்த மகளை அடுத்த பராமரிப்பாளராக ஆக்கிவிடாதீர்கள். இது நம் வீடுகளில் சத்தமில்லாமல் நடக்கிறது.

நான் கொழும்பில் வேலையில் இருந்தேன். பக்கத்தில் இருந்திருந்தால் காப்பாற்றியிருப்பேனே?

பக்கத்திலேயே இருந்த நான் காப்பாற்றவில்லை. நீங்கள் அனுப்பிய காசில்தான் மருந்தும் சாப்பாடும் நடந்தது. அதுவும் பராமரிப்புத்தான். கொழும்பானாலும் வளைகுடா நாடானாலும் தூரத்தில் இருப்பவருக்குச் சடங்கும் கிடைப்பதில்லை, முகமும் காணக் கிடைப்பதில்லை. வந்ததும் புதைத்த இடத்துக்குப் போங்கள், யாராவது கூட வரட்டும்.

வீட்டில் இன்னும் ஒருவரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இனி அவரையும் விட்டு நகரவே பயமாக இருக்கிறது.

மாமியார் படுக்கையில், இன்னொரு மகனுக்கும் அதே நோய், இப்படிப் பல வீடுகள். துக்கப்படவே நேரமில்லை. பயத்தில் அவரைக் கண் இமைக்காமல் காவல் காப்போம், அவருக்கு மூச்சு முட்டும், நாமும் விழுந்துவிடுவோம். ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது வேறொருவர் பொறுப்பில் விடுங்கள். யார், எந்த நேரம் என்று பெயர் சொல்லியே கேட்டு ஒழுங்கு செய்யுங்கள். பொதுவாக "யாராவது உதவுங்கள்" என்றால் யாரும் வர மாட்டார்கள். அவருக்கும் கிளினிக் என்றால், போகும் நாளில் உங்கள் நிலையையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

நாங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். என்ன சொல்வது என்று தெரியாமல் ஒதுங்கியிருக்கிறோம்.

காரணம் கேட்காதீர்கள். "காலையில சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள். ரொட்டி சுட்டுக் கொண்டுபோங்கள், விறகு பொறுக்கிப் போடுங்கள், பிள்ளைகளை ஸ்கூலுக்குக் கூட்டிப்போங்கள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் முதல் நாள் அவள் வந்து நிற்கும்போது பக்கத்தில் போய் நில்லுங்கள். அந்தக் காலையில் எனக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் இடைவெளி விட்டு நின்றார்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அவர் பந்தடித்தது, நையாண்டி பண்ணியது, கல்யாண வீட்டில் ஆடியது எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஒருவருடைய முழு வாழ்க்கையையும் கடைசி நாளை வைத்தே நினைப்பது அவருக்கும் நியாயம் இல்லை. முதல் மாதத்தில் எல்லோரும் வருவார்கள். மூன்றாம் மாதம் வாருங்கள், முதல் வருடத் திவசத்துக்கு முந்திய வாரம் வாருங்கள்.

அவருடைய மருந்துகளையும் கிளினிக் கொப்பியையும் என்ன செய்வது?

மருந்தை வீட்டில் வைக்காதீர்கள். தள்ளிப்போடாமல் இந்த வாரமே வேறொருவரிடம் கொடுத்து ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஒப்படைக்கச் சொல்லுங்கள். உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்று அதிலிருந்து எடுத்துக் குடிக்கவும் வேண்டாம்.

கொப்பிக்கு அவசரமில்லை. எரித்துவிடு, சேலைக்குள் சுற்றி ஆற்றில் விடு என்று அவசரப்படுத்துவார்கள். நீங்கள் முடிவு செய்யும் வரை இருக்கட்டும். என் தம்பியின் கொப்பி பிஸ்கட் டின்னில் இருக்கிறது. அதில் 80 கிளினிக் தேதிகள் இருக்கின்றன, நான் எண்ணிப் பார்த்தேன். 80க்கும் கூட்டிப்போயிருக்கிறேன்.